முதல் ஆய்வுக் கட்டுரை: எதை எடுப்பது, எப்படிப் படிப்பது?

ஆய்வுக் கட்டுரைகள் மாணவர்களுக்காக எழுதப்படுவதில்லை. அதே துறையில் பல ஆண்டுகள் வேலை செய்த சக ஆய்வாளர்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை ஆசிரியர்கள் விளக்க மாட்டார்கள். இதழ்கள் தரும் பக்க அளவும் அதற்கு இடம் தராது. தேடுபொறியில் தலைப்பைத் தட்டி, முதலில் கண்ணில் பட்ட பிடிஎஃப்பைத் திறந்து, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கும் மாணவர் பெரும்பாலும் முறையியல் பகுதியோடு நின்றுவிடுகிறார். நமக்கு இது ஒத்துவராது என்று முடிவும் கட்டிவிடுகிறார்.

தொடங்கும்முன் மூன்றைத் தீர்மானிக்க வேண்டும்: எந்த வகைக் கட்டுரையை எடுப்பது, எந்த வரிசையில் படிப்பது, எந்தத் துணையோடு படிப்பது. வாசிப்பு முறைகளைப் பற்றிய அறிவுரைகளுக்குக் குறைவில்லை. ஆனால் தொடக்க நிலையில் முதல் கேள்விக்குத்தான் எடை அதிகம். பொருந்தாத கட்டுரையை எந்த முறையில் படித்தாலும் உள்ளே நுழைய முடியாது.

எங்கிருந்து தொடங்குவது

ஐந்து வழிகள் இருக்கின்றன: பாடநூல் அத்தியாயம், மீளாய்வுக் கட்டுரை, துறையின் புகழ்பெற்ற பழைய கட்டுரை, அண்மையில் வந்த மூல ஆய்வுக் கட்டுரை (ஆய்வைச் செய்தவர்களே அதன் முடிவுகளை எழுதுவது), முனைவர் பட்ட ஆய்வேடு.

பாடநூல் தேவையா என்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். படிக்க நினைக்கும் கட்டுரையின் ஆய்வுச் சுருக்கத்தை எடுத்து, தெரியாத கலைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். நான்கைந்து இருந்தால் தொடரலாம். பத்தைத் தாண்டினால் பாடநூலுக்குத் திரும்புவது நல்லது. அதுவும் அந்தச் சொற்கள் வரும் ஒரே ஓர் அத்தியாயம் போதும். முழுப் புத்தகத்தையும் முடித்துவிட்டுத்தான் கட்டுரைப் பக்கம் போவேன் என்று இருப்பவர்கள் பெரும்பாலும் போவதே இல்லை.

மீளாய்வுக் கட்டுரை புதிய பரிசோதனை எதையும் செய்வதில்லை. ஒரு கேள்வியைப் பற்றி இதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி, எது உறுதியானது, எதில் சண்டை இருக்கிறது என்று சொல்கிறது. இதற்கென்றே நடத்தப்படும் இதழ்கள் உண்டு; ஆனுவல் ரிவ்யூஸ் வரிசை 1932 முதல் வருகிறது. மீளாய்வில் இரண்டு வகை இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விவரிப்பு மீளாய்வில், ஆசிரியர் தமக்கு முக்கியமென்று பட்ட ஆய்வுகளைத் தேர்ந்தெடுத்து ஒரு வரைபடம் போட்டுத் தருகிறார். முறைசார் மீளாய்விலோ எந்தத் தரவுத்தளங்களில், எந்தச் சொற்களால் தேடினார்கள், எத்தனை ஆய்வுகள் கிடைத்தன, எவற்றை ஏன் விலக்கினார்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். நம்பகத்தன்மையில் இரண்டாவது மேலானது. முதல் வாசிப்புக்கு முதல் வகையே ஏற்றது, ஏனென்றால் முறைசார் மீளாய்வின் பெரும்பகுதி தேடல் விவரங்களும் தர மதிப்பீட்டு அட்டவணைகளும்தான். மருத்துவத் துறையில் மட்டும் ஒரு விலக்கு: கோக்ரேன் என்ற அமைப்பு வெளியிடும் முறைசார் மீளாய்வுகளில் எளிய மொழிச் சுருக்கம் தனியாக இருக்கும். அதை முதலில் படித்துவிட்டு உள்ளே போகலாம்.

மீளாய்வின் குறை என்னவென்றால் அதில் எல்லாம் வழுவழுப்பாக இருக்கும். இருபது எலிகளை வைத்து, ஒரே ஒரு மருந்தளவில், ஒரே ஒரு சோதனையில் கிடைத்த முடிவு அங்கே அரை வரியாகச் சுருங்கிவிடும். மீளாய்வுகளை மட்டுமே படிக்கும் மாணவர், அதை எழுதியவரின் சாய்வையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார்.

புகழ்பெற்ற பழைய கட்டுரையிலிருந்து தொடங்குங்கள் என்ற அறிவுரை அடிக்கடி காதில் விழும். கேட்க நன்றாக இருக்கும், பெரும்பாலும் பயன்படாது. டிஎன்ஏவின் அமைப்பைப் பற்றி வாட்சனும் கிரிக்கும் 1953 ஏப்ரல் 25 நேச்சர் இதழில் எழுதியது இரண்டு பக்கங்களுக்குள் அடங்கிவிடுகிறது. நீளத்தைப் பார்த்து எளிது என்று நினைக்கக்கூடாது. தொடக்கத்திலேயே, வேதியியலாளர்கள் பாலிங்கும் கோரியும் டிஎன்ஏவுக்கு முன்வைத்த மூன்று இழை மாதிரியை அது மறுக்கிறது. அந்த மாதிரி என்னவென்று தெரியாதவருக்கு மறுப்பு புரியாது. அதில் இருப்பது ஒரே ஒரு வரைபடம், அதுவும் வாட்சன், கிரிக் மாதிரியை விளக்கும் படம்தான். எக்ஸ்-கதிர்ச் சான்றுகள் அதே இதழில் அடுத்தடுத்து வந்த வில்கின்ஸ் குழுவின் கட்டுரையிலும் ஃபிராங்க்ளின், காஸ்லிங் கட்டுரையிலும் இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு கற்பவர்கள் பலர் இன்றைய மொழிக் கருவிகளுக்கு அடிப்படையான, 2017இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர் கட்டுரையை முதலில் எடுக்கிறார்கள். அதுவும் அதற்கு முந்தைய மொழிபெயர்ப்பு வலையமைப்புகள் எப்படி இயங்கின என்பதைத் தெரிந்தவருக்கு எழுதப்பட்டதே. பழைய கட்டுரைகள் எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தன என்பது தெரிந்த பிறகுதான் ருசிக்கும்.

புதிய கட்டுரைகளில் ஒரு வசதி, பல துறைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. இயற்பியலுக்கென்று 1991இல் தொடங்கிய ஆர்க்கைவ், உயிரியலுக்கு 2013இல் வந்த பயோஆர்க்கைவ், மருத்துவத்துக்கு 2019இல் வந்த மெட்ஆர்க்கைவ் ஆகிய தளங்களில் இருப்பவை முன்பதிப்புகள். சக மதிப்பாய்வு, அதாவது அதே துறையின் பிற ஆய்வாளர்கள் கட்டுரையைச் சோதிப்பது, நடப்பதற்கு முன்பே அவை வெளியாகின்றன. அந்தத் தளங்களில் மேலோட்டமான சரிபார்ப்பு மட்டுமே உண்டு. முன்பதிப்பு என்பதாலேயே தவறு என்று பொருளில்லை. ஆனால் அதில் ஓட்டை இருந்தால் தொடக்க மாணவரால் கண்டுபிடிக்க முடியாது. தனக்குத்தான் புரியவில்லை என்று எண்ணிக்கொள்வார்.

ஐந்தாவது வழியான ஆய்வேட்டைப் பலர் கண்டுகொள்வதில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்களைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். முழுதும் படிக்கத் தேவையே இல்லை. முன்னுரை, முந்தைய ஆய்வுகளைப் பற்றிய அத்தியாயம், முறையியல் அத்தியாயம் ஆகிய மூன்றும் போதும். ஆய்வேட்டுக்குப் பக்கக் கட்டுப்பாடு குறைவு. எழுதியவரும் சில ஆண்டுகளுக்கு முன் உங்களைப் போல் இருந்தவர். தமக்குப் புரிந்திருப்பதைத் தேர்வாளர்களுக்குக் காட்ட வேண்டியவர். அதனால் கட்டுரையில் ஒரு வரியில் முடியும் படி இங்கே இரண்டு பக்கம் விரியும். பலிக்காமல் போன முயற்சிகளும் சில சமயம் பதிவாகியிருக்கும். அதே ஆய்வு கட்டுரையாகவும் வந்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டுரை எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறது என்பது உடனே விளங்கும். தரம் ஆளுக்கு ஆள் மாறும் என்பது மட்டுமே இதில் குறை.

இவற்றில் எதைத் தேர்வது? விவரிப்பு மீளாய்வு ஒன்றில் தொடங்கி, அது மேற்கோள் காட்டும் ஒரு மூலக் கட்டுரைக்குப் போவதே பெரும்பாலானோருக்குச் சரியான பாதை. காரணம் எளிமை மட்டும் இல்லை. தொடக்க மாணவரின் பெரிய சிக்கல், தாம் புரிந்துகொண்டது சரியா என்று சொல்ல ஆளில்லாததுதான். மீளாய்வு அந்த வேலையைச் செய்யும். அதில் உங்களை ஈர்த்த ஒரு வாக்கியத்தை, மேற்கோள் எண்ணோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "இந்தப் பயிற்சி நினைவாற்றலைக் கூட்டுகிறது" என்று இருக்கலாம். அந்த மூலக் கட்டுரையைப் படித்து முடித்ததும் தாளுக்குத் திரும்புங்கள். கட்டுரை உண்மையில் அதைத்தான் காட்டுகிறதா? எந்த வயதினரிடம், எத்தனை பேரிடம், எவ்வளவு நாள்? தொடர்பைக் காட்டியதா, காரணத்தைக் காட்டியதா? மீளாய்வின் வரிக்கும் மூலத்துக்கும் இடைவெளி இருப்பதைக் கண்டு, அதை இரண்டு வாக்கியத்தில் எழுத முடிந்தால், அந்தக் கட்டுரை உங்களுக்குப் புரிந்துவிட்டது.

முதல் மூலக் கட்டுரையைத் தேரும்போது சிறியதாகப் பாருங்கள். ஒரே கேள்வி, மூன்று முதல் ஐந்து படங்கள், பத்துப் பக்கத்துக்குள்.

எந்த வரிசையில் படிப்பது

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நேராகப் படிப்பது ஒரு வழி. வாதம் படிப்படியாக நகரும் வரலாறு, தத்துவம், இலக்கியக் கட்டுரைகளுக்கு அது பொருந்தும். பரிசோதனைக் கட்டுரைகளுக்குப் பொருந்தாது. எதற்காகச் செய்தார்கள் என்று பிடிபடுவதற்கு முன்பே எத்தனை மில்லிலிட்டர், எந்த வெப்பநிலை என்ற விவரங்கள் வந்து மண்டையை நிரப்பிவிடும்.

இரண்டாவது வழி, கணினி அறிவியலாளர் கேஷவ் 2007இல் எழுதிய மூன்று சுற்று முறை. முதல் சுற்று ஐந்து முதல் பத்து நிமிடம். இரண்டாவது ஒரு மணி நேரம் வரை. மூன்றாவது, தொடக்க நிலையினருக்கு நான்கைந்து மணி நேரம். மூன்றாவது வழி, உயிரியல் ஆய்வகங்களில் பரவலாக இருக்கும் பழக்கம்: எழுத்தைத் தொடாமல் படங்களையும் அட்டவணைகளையும் முதலில் படிப்பது. இரண்டில் ஒன்றைத் தேர வேண்டியதில்லை. மூன்று சுற்றைச் சட்டகமாக வைத்து, அதன் இரண்டாம் சுற்றைப் படங்களிலிருந்து தொடங்குவதே சிறந்தது.

முதல் சுற்றில் தலைப்பு, ஆய்வுச் சுருக்கம், முன்னுரையின் கடைசிப் பத்தி, உட்தலைப்புகள், முடிவுரை ஆகியவை மட்டும். முன்னுரையின் கடைசிப் பத்தியைத் தவறவிடாதீர்கள். "இக்கட்டுரையில் நாங்கள் இதைக் காட்டுகிறோம்" என்ற வாக்கியம் வழக்கமாக அங்கேதான் இருக்கும். பிறகு கட்டுரையை மூடிவிட்டு எழுதுங்கள்: என்ன கேட்டார்கள், என்ன செய்தார்கள், என்ன கிடைத்தது என்கிறார்கள். மூன்று வரி வரவில்லையென்றால் அந்தக் கட்டுரை இப்போதைக்கு வேண்டாம். எடுத்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் இந்தச் சுற்றோடு கழிந்துபோவது இயல்பு, நல்லதும்கூட.

இரண்டாம் சுற்றுதான் உண்மையான வாசிப்பு. ஒவ்வொரு படத்திலும் கீழே இருக்கும் படக்குறிப்பு, இரண்டு அச்சுகள், அலகு, மாதிரிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, அந்தப் படம் சொல்வதை உங்கள் சொந்த வாக்கியமாக எழுதுங்கள். அதன் பிறகே ஆசிரியர்கள் அதைப் பற்றி எழுதியதைப் படியுங்கள். வரிசையை மாற்றினால் அவர்கள் சொன்னதே உங்கள் கண்ணுக்கும் தெரியும்.

படத்தில் இடறும் இடங்கள் சில உண்டு. நெடுக்கு அச்சு பூஜ்யத்தில் தொடங்காவிட்டால் சிறு வேறுபாடு மலையாகத் தெரியும். மடக்கை அளவில் ஒரு படி என்பது வழக்கமாகப் பத்து மடங்கு. நேர்கோடாகத் தெரிவது உண்மையில் அடுக்கு வளர்ச்சியாக இருக்கலாம். எல்லாவற்றையும்விட அதிகமாக ஏமாற்றுவது பிழைக் கோடுகள், அதாவது புள்ளிகளின் மேலும் கீழும் நீளும் சிறு கோடுகள். அவை திட்ட விலக்கமா (தரவு எவ்வளவு சிதறியிருக்கிறது), திட்டப் பிழையா (சராசரி எவ்வளவு துல்லியமானது), 95 விழுக்காடு நம்பக இடைவெளியா (உண்மை மதிப்புக்கான மதிப்பீட்டு வரம்பு) என்பதைப் படக்குறிப்பில்தான் தேட வேண்டும். திட்டப் பிழை என்பது திட்ட விலக்கத்தை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது. 25 பேர் இருந்தால் அது ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஒரே தரவு, எந்தக் கோட்டைப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து கட்டுக்கோப்பாகவும் தெரியும், சிதறலாகவும் தெரியும்.

எண்களிலும் அதே கவனம் வேண்டும். நோய் வரும் வாய்ப்பு 2 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காடாகக் குறைந்தால் "ஆபத்து பாதியாகக் குறைந்தது" என்று எழுதலாம், பொய்யில்லை. நூறு பேருக்குச் சிகிச்சை தந்தால் ஒருவர் தப்புகிறார் என்றும் எழுதலாம், அதுவும் அதே முடிவுதான். ஆய்வுச் சுருக்கத்தில் முதலாவது இருந்தால், அட்டவணைக்குப் போய் இரண்டாவதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பி-மதிப்பு 0.05க்குக் கீழே இருப்பதால் விளைவு பெரியது என்றாகாது. கருதுகோள் 95 விழுக்காடு உண்மை என்றும் ஆகாது. உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால் இப்படியொரு முடிவோ இதைவிட விலகிய முடிவோ எவ்வளவு அரிதாக வரும் என்பதை மட்டுமே அது சொல்கிறது.

இந்தச் சுற்றை முழுதாகச் செய்தால் எவ்வளவு பிடிபடும் என்பதற்கு, தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போடப் பயன்பட்ட 1998 லான்செட் கட்டுரை சாட்சி. அதில் இருந்தவர்கள் 12 குழந்தைகள். ஒப்பிடுவதற்கு வேறு குழு இல்லை. தொடர்பை நிரூபிக்கவில்லை என்று கட்டுரையே சொல்லியது. 2010இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. உள்ளே நடந்த முறைகேடுகளை வாசகர் அறிந்திருக்க முடியாது. ஆனால் இந்த ஆய்வை வைத்து அவ்வளவு பெரிய முடிவுக்கு வர முடியாது என்பது மாதிரி எண்ணிக்கையைப் பார்த்த எவருக்கும் தெரிந்திருக்கும்.

விவாதப் பகுதி கடைசியில். ஒவ்வொரு கூற்றின் பக்கத்திலும் "காட்டியது" அல்லது "ஊகம்" என்று பென்சிலால் குறியுங்கள். எது எந்தப் படத்திலிருந்து வருகிறது என்று சுட்ட முடியாவிட்டால் அது ஊகம்.

மூன்றாம் சுற்றில் முறையியலையும் துணைக் கோப்புகளையும் வரி வரியாகப் படித்து, இதே ஆய்வை நாம் செய்தால் எங்கே மாற்றுவோம் என்று யோசிக்க வேண்டும். உங்கள் திட்டப்பணி எந்தக் கட்டுரையின் மேல் நிற்கிறதோ அதற்கு மட்டும் இந்த உழைப்பைக் கொடுங்கள்.

கணிதத்தில் கதை வேறு. அங்கே தேற்றத்தின் கூற்றை முதலில் படித்து, மிகச் சிறிய எடுத்துக்காட்டை எடுத்துக் கையால் போட்டுப் பார்த்த பிறகே நிரூபணத்துக்குப் போக வேண்டும். கணினி அறிவியலில் நிரல் வெளியிடப்பட்டிருந்தால் அதைச் சிறு தரவில் ஓட்டிப் பார்ப்பது, பத்து முறை படிப்பதைவிட மேல்.

எந்தத் துணையோடு

திரையா தாளா என்பதில் நேரம் செலவிட வேண்டாம். முதல் சுற்று திரையில், இரண்டாம் சுற்று அச்செடுத்த தாளில் என்பது பலருக்கு ஒத்துவருகிறது. படத்தையும் எழுத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். முக்கிய வரிகளை மஞ்சள் நிறத்தால் குறிப்பதை மட்டும் அளவோடு வையுங்கள். பக்கம் முழுக்க மஞ்சளானால் எதுவும் குறிக்கப்படவில்லை என்றுதான் பொருள்.

தனியாகவா, குழுவாகவா என்பதில் எங்கள் சாய்வு தெளிவு: முதல் சில கட்டுரைகளுக்குக் குழு. மூன்று அல்லது நான்கு பேர் போதும். வாரம் ஒரு கட்டுரை. ஒருவர் எல்லாவற்றையும் விளக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் ஏற்பாடு இரண்டே வாரத்தில் செத்துவிடும். ஆளுக்கு ஒரு படம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அவரவர் படத்தை மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். விளக்கும்போது தடுக்கும் இடமே புரியாத இடம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் சுருக்கம் கேட்பது இப்போது எல்லோரும் செய்வது. ஒரு கலைச்சொல்லுக்கு விளக்கம் கேட்கவும், சிக்கலான வாக்கியத்தைப் பிரித்துத் தரச் சொல்லவும் அவை நன்றாக உதவும். கட்டுரையைத் திறக்கும் முன்பே சுருக்கம் வாங்குவதுதான் கெடுதல். எந்தப் படத்தைப் பார்ப்பது, எந்த எண்ணைச் சந்தேகிப்பது என்ற பயிற்சியே கிடைக்காது. சுருக்கத்தில் நிபந்தனைகள் உதிர்ந்துபோவதும் சகஜம்: "சில நோயாளிகளில்" என்பது "நோயாளிகளில்" ஆகிவிடும். இல்லாத கட்டுரைகளை இருப்பதுபோல் மேற்கோள் காட்டுவதும் உண்டு, ஆகவே அவை தரும் ஒவ்வொரு தலைப்பையும் தேடிச் சரிபாருங்கள். உங்கள் மூன்று வரியை எழுதிய பிறகு கருவியிடம் கொடுத்து, எதை விட்டுவிட்டேன் என்று கேளுங்கள். அந்த வரிசையில் அது நல்ல துணை.

கட்டுரைக்குப் பணம் கேட்டால் உடனே விலகிவிட வேண்டாம். கூகுள் ஸ்காலரில் பல முடிவுகளின் கீழே எல்லாப் பதிப்புகளையும் காட்டும் இணைப்பு இருக்கிறது. ஆசிரியரின் பக்கத்திலோ பல்கலைக்கழகக் களஞ்சியத்திலோ இலவசப் படி கிடைக்கலாம். அன்பேவால் என்ற உலாவி நீட்சி சட்டப்படி கிடைக்கும் படியைத் தானே தேடித் தரும். அதுவும் இல்லையென்றால் முதல் பக்கத்தில் இருக்கும் தொடர்பு ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். இது ஆய்வுலகில் சாதாரண வழக்கம். கட்டுரைகளைச் சேமிக்கவும் ஒழுங்குபடுத்தவும் ஜொடேரோ என்ற மென்பொருள் போதும். அது இலவசம், திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உங்கள் சேமிப்பில் இருந்தால் எச்சரிக்கையும் காட்டும். மேற்கோள் பட்டியலில் உள்ளதையெல்லாம் இறக்கிக் குவிக்கும் ஆசை வரும். ஒரு கட்டுரைக்கு மூன்று மேற்கோள்கள் என்று வரம்பு வையுங்கள்.

கையில் இருக்கும் நேரமும் தேர்வை மாற்றும். ஒரு வாரத்தில் கருத்தரங்கு உரை என்றால் ஒரு மீளாய்வும் ஒரு மூலக் கட்டுரையும், இரண்டாம் சுற்றோடு நிறுத்துங்கள்; மீளாய்வு வரிக்கும் மூலத்துக்கும் உள்ள இடைவெளியே உரைக்கு நல்ல கரு. ஒரு பருவம் நீளும் திட்டப்பணி என்றால் ஓர் ஆய்வேட்டின் முறையியல் அத்தியாயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அடித்தளமான ஒரு கட்டுரைக்கு மூன்றாம் சுற்று கொடுங்கள். தேர்வோ கெடுவோ இல்லாமல் ஆர்வத்தால் மட்டும் படிப்பவர் புகழ்பெற்ற பழைய கட்டுரையைத் தாராளமாக எடுக்கலாம், ஆனால் அது மறுக்கும் கட்டுரையையும் கூடவே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.